பீர் கம்பெனி முனியப்பன்

கிரானைட் பட்டறைத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாததால் வேலையை விட்டுவிட்டு, பேரிகையிலிருந்து ஓசூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேறு வேலை கிடைக்காவிட்டால் மதுரைப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். வழியில் ஒரு பீர் கம்பெனி வாசலில் பெரிய கருங்கல் சிலை நின்றது. முறுக்கு மீசை, உருட்டு விழி, அரிவாள் இருக்க வேண்டிய கையில் நுரை வழியும் குவளை. புறப்பட்ட லாரிகள் அதன் எதிரே எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போயின.

“இது என்ன சாமிண்ணா?” என்று வாசல் செக்யூரிட்டியிடம் கேட்டேன்.

“சாமியே இல்லப்பா. வெள்ளைக்காரன் ஒருத்தன் பீர் குடிக்கிற போட்டோவத்தான் குடுத்தாங்க. செஞ்சவரு கோயிலுங்களுக்கு முனியப்பன் செய்யறவரு. அவரு கைக்கு இதுதான் வந்துச்சு” என்று சிரித்தார். “மொதலாளி எடுத்துரச் சொன்னாரு. எடுத்தா ஒரு லாரியும் நகராதுன்னுட்டாங்க டிரைவருங்க.”

எனக்கு அந்தச் சிற்பியை மிகவும் பிடித்துப்போயிற்று. பீர் நுரையைக்கூடச் சடைமுடி போலச் சுருள் சுருளாகச் செதுக்கியிருந்தார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தக் கண்கள் என்னையே பார்த்தன.

“இங்க எனக்கு எதாவது வேலை கெடைக்குமாண்ணா?”

“காலைல இவரக் கழுவி, கற்பூரம் காட்டுனாத்தான் மொத லாரி கெளம்பும். கழுவுற ஆளு நின்னுட்டான். ஏணி ஏறுவியா?”

மறுநாள் காலை ஏணியில் ஏறி, முதலில் மீசையைத் தேய்த்தேன். கீழே லாரிகள் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தன.