சாம்பலில் ஊற்றிய தண்ணீர்

மாதா கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் கடுகு. எதற்கெடுத்தாலும் வெடிப்பார். பூசையில் 'என் பாவமே' என்று சொல்லும்போது ஊரிலேயே பலமாக நெஞ்சில் அறைந்துகொள்கிறவர் அவர்தான். உள்ளுக்குள் ஓடுவதெல்லாம் அடுத்தவர் பாவம்: செல்போனை அணைக்காதவர்கள், சுருதி சேராத பாடகர் குழு, எல்லாவற்றுக்கும் மேலே அவர் மனைவி. அந்த மனுஷி அப்படி என்ன பாவம் செய்தாள் என்று கேட்டுப் பாருங்கள். பாத்திரத்தை மூடி வைக்கவில்லை என்பார், சத்தமாகத் தும்மினாள் என்பார்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பலாக்குவது அவர் வேலை. மறுநாள் பூசையில் எல்லோருக்கும் இடும் சாம்பல் சிலுவை நெற்றியில் ஒட்ட அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடலாம், தண்ணீர் மட்டும் படக்கூடாது என்று சாமியார் தலைபாடாக அடித்துக்கொள்வார். அன்று எண்ணெய்ப் புட்டி காலி. வாங்க மறந்தது இவர்.

"ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தினா வாய் முத்து உதிர்ந்துடுமா?" என்று வீட்டுக்குப் போய் மனைவி மேல் பாய்ந்துவிட்டு வந்தார். அதற்கு நேரம் இருந்தது, கடைக்குப் போகத்தான் அலுப்பு. யாருமில்லாத நேரம் பார்த்துச் சாம்பலில் தண்ணீரையே ஊற்றிக் குழைத்து மூடி வைத்தார்.

ஊறிய சாம்பல் தோலை அரிக்கும். காலைப் பூசையில், அவரவர் பாவத்தை அமைதியாக நினைக்க வேண்டிய நேரத்தில், ஆளாளுக்கு நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட டீச்சருக்குச் சிலுவை சிவப்பாகத் தடித்தே விட்டது.

பூசை முடிந்து சாமியார் உடை மாற்றும் அறையில் கூட்டம் கூடிவிட்டது. "இதுல என்னத்தைக் கலந்தீங்க?" என்றார் சாமியார். கடுகு சுவரைப் பார்த்தார்.

டீச்சர்தான் முந்திக்கொண்டார். "கிண்ணம் கழுவறது இவர் வீட்டம்மாதானே? சோப்புத்தூள் ஒட்டியிருக்கும்."

கோயிலைப் பெருக்கிய துடைப்பத்தோடு நின்ற மனைவி முன்னால் வந்தாள். "ஆமாங்க சாமி, சரியா அலசலை போலிருக்கு. மன்னிச்சுக்குங்க."

"இனிமே பீடத்துப் பாத்திரத்தைத் தொட வேணாம்மா. வேற ஆள் பார்த்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். அந்தப் பாத்திரங்களைக் கைக்குழந்தை மாதிரி துடைத்து வைப்பவள். தப்பித்தோம் என்று கடுகு மூச்சு விட்டிருக்கலாம். ஆனால் எரிச்சல்தான் பொத்துக்கொண்டு வந்தது. இவளை யார் கேட்டது? செய்யாததற்கு என்ன மன்னிப்பு வேண்டிக் கிடக்கிறது? அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"தண்ணி ஊத்தினது நான், சாமி. எண்ணெய் வாங்க மறந்ததும் நான்தான். அவ மேல ஒண்ணுமில்லை."

சாமியார் எல்லோர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் மனைவியிடம் வெடித்தார். "எதுக்குடி அப்படி ஒரு பொய்? 'நான் இல்லை'ன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"பொய் இல்லைங்க. நான்தான்னு நிஜமாவே நெனச்சேன்" என்றாள் அவள். "கல்யாணமான நாள்லேர்ந்து எது தப்பாப் போனாலும் நான்தானே."

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். கண்ணில் நீர் முட்டியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, நெத்தி ரொம்ப எரியுதா?"