இடப்பக்கம் மட்டும் மந்தம்

கேட்டு எழுதுவதுதான் கனகாவின் தொழில். யாரோ எங்கோ பேசிப் பதிவு செய்த ஒலி அவருடைய மடிக்கணினிக்கு வரும். அதைக் காதில் வாங்கி, ஒரு சொல்லும் பிசகாமல் தட்டச்சு செய்து அனுப்புவார். கல்லூரி முடித்த வருடம் வெளிநாட்டு மருத்துவர்களின் பேச்சை எழுதுவதில் தொடங்கியது. அந்த வேலையை மென்பொருள்கள் பிடுங்கிக்கொண்ட பிறகு, ஸ்யாமளா என்பவர் மதுரையில் நடத்திய சிறு நிறுவனத்துக்காகத் தமிழ்ப் பதிவுகளை எழுதினார். பேட்டிகள், கூட்டங்கள், ஆலைகளில் நடக்கும் உள்விசாரணைகள். சோழவந்தான்காரர் ஒருவரும் உசிலம்பட்டிக்காரர் ஒருவரும் ஒரே நேரத்தில் கோபமாகப் பேசினால் எந்த மென்பொருளும் திணறிவிடும். கனகா திணற மாட்டார். "கனகாகிட்ட குடுத்தா திரும்பப் பாக்கவே வேண்டாம்" என்று ஸ்யாமளா வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

வீடு கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருந்தது. ஜன்னலை அடைத்தாலும் ஹாரன் சத்தம் உள்ளே வந்துவிடும். அதை அமுக்குவதற்காகவே ஒலியை முழுதாகக் கூட்டி வைத்துக் கேட்பது கனகாவின் பழக்கம். கணவர் பீமாராவ் டவுன் பஸ் நடத்துநர். ஒரு வருடமாகவே அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. கூப்பிட்டால் கனகா சில நேரம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"மூணு தடவ கூப்ட்டேன். எம் மேல என்ன கோவம்?"

"வேலைல இருந்தேங்க. ஹெட்போன் மாட்டியிருந்தேன்ல."

ஹெட்போன் மாட்டாதபோதும் அப்படி நடந்ததுண்டு. இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை ஸ்யாமளா அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார். கனகா போனபோது அலுவலகத்தில் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். பெயர் மலையம்மாள். வாடிப்பட்டிப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கும் சின்னக்கருப்பன் என்பவரின் மனைவி.

அந்த ஆலையில் ஜனவரியில் ஒரு விபத்து நடந்திருந்தது. அடைத்துக்கொண்ட பஞ்சை ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தபோது இயந்திரம் ஓடி, அவருக்கு இரண்டு விரல்கள் போயின. சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவர் சின்னக்கருப்பன். உள்விசாரணையில் அவர் சொன்னதைச் செல்போனில் பதிவு செய்து, ஸ்யாமளாவின் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் கனகா. 'சுவிட்சை நீ போட்டாயா?' என்ற கேள்விக்கு, 'நான் போட்டேன் ஐயா' என்று பதில் தட்டச்சாகியிருந்தது. ஆறு பக்கத்தையும் நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, எழுத்துக் கூட்டி வாசிக்கும் சின்னக்கருப்பன் வாசிக்காமலே போட்டுவிட்டார். மறுவாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

"நீதானா தாயி அது?" என்றார் மலையம்மாள். குரலில் கோபம் இல்லை. "அவரு போடலன்னுதான் சொன்னாராம். வீட்டுல சத்தியம் பண்றாரு. நீ எப்பிடி போட்டேன்னு எழுதுன?"

"நான் கேட்டதத்தான் எழுதுனேம்மா."

"அவரு அந்தப் பயபுள்ளைக்கு வெரலு போனதுலருந்து சோறே எறங்காம கெடக்காரு. இப்ப ஊருக்குள்ள இவருதான் வெட்டி விட்டாருங்குறாக."

ஸ்யாமளா இடையில் புகுந்தார். "கனகா, இன்னொரு தடவை கேட்டுட்டு, எழுதினது சரின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. ஆலைலேர்ந்து கேக்கறா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

சரியா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று ஸ்யாமளா சொல்லவில்லை. சரி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது கனகாவுக்கு அதுதான் உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் பதிவைப் போட்டார். மேசைமேல் செல்போனை வைத்து, மின்விசிறிக்கு நேர் கீழே பதிந்திருந்தார்கள். கரகர சத்தத்துக்கு நடுவே சின்னக்கருப்பனின் குரல். 'நான் போட்டேய்யா.' மறுபடி போட்டார். அதேதான். மூன்றாம் முறை 'நான் போடலய்யா' போலக் கேட்டது. நான்காம் முறை எதுவுமே தெளிவாக இல்லை. நடுவில் ஒரு 'ல' இருக்கிறதா, இல்லையா? ஒரு மனிதரின் பிழைப்பு அந்த ஒற்றை எழுத்தில் தொங்குகிறது.

மடிக்கணினியில் சார்ஜரைச் செருகினால் ஹெட்போனில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் வரும். வெகுநாளாகவே உண்டு; பேட்டரி பழசானதால் சார்ஜர் இல்லாமல் ஓட்டவும் முடியாது. ஹெட்போனோ, தொழில் நின்று மூடிவிட்ட ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வாங்கிய பெரிய வகை. அதற்கு வேண்டிய வலு மடிக்கணினிக்குக் கிடையாது. கோளாறு கருவியில்தான் என்று கனகா முடிவு கட்டினார். அப்படி முடிவு கட்டியதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இதற்கென்றே சிறு பெட்டிகள் இருப்பது அவருக்குத் தெரியும். கணினியில் எண்களாகக் கிடக்கும் ஒலியைத் தானே வாங்கி, இரைச்சல் கலக்காமல் காதுக்கான ஒலியாக்கி, ஹெட்போனுக்கு வேண்டிய வலுவையும் சேர்த்துத் தரும். விஷயம் தெரிந்தவர்கள் அதை டேக் என்பார்கள்.

மறுநாள் காலை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் சிவராம் என்பவரின் கடைக்குப் போனார். ஒரு காலத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்தவர். இப்போது ஹெட்போனும் அது சார்ந்தவையும் விற்கிறார்.

"எதுக்கும்மா, பாட்டுக் கேக்கவா?"

"இல்லண்ணே. மனுசப் பேச்சு கேக்க. கேட்டு எழுதுற வேல."

சிவராம் ஹெட்போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது நல்ல மாடு, ஆனா தீனி நெறைய கேக்கும். லேப்டாப்பு போடுற தீனி பத்தாது." கண்ணாடி மேசைமேல் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று சுண்டுவிரல் நீளம். மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது தீப்பெட்டி அளவு, உள்ளே பேட்டரி. மூன்றாவது கையடக்கமான கறுப்புப் பெட்டி, திருகுவதற்கு ஒரு குமிழ்.

"மொதல்ல இதக் கேளுங்க" என்று கறுப்புப் பெட்டியை மாட்டினார். சோதனைக்கென்று வைத்திருந்த செய்தி வாசிப்பு ஒன்று ஓடியது. குரல் தேன் ஊற்றியதுபோல இருந்தது. கனகாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துச் சிவராம் தலையசைத்தார்.

"நல்லாத்தான் இருக்கும். எல்லாத்தையும் இனிமையாக்கிக் குடுக்கும். ஆனா ஒங்களுக்கு இனிமை ஆகாதும்மா. பேசுனவன் கரகரன்னு பேசுனா கரகரன்னுதான் வரணும்."

"எல்லாஞ் சரிண்ணே, எடது பக்கம் மட்டும் மந்தமா இருக்கு."

"அப்படியா?" அதைக் கழற்றிவிட்டுத் தீப்பெட்டியை மாட்டினார்.

"இதுலயும் எடது மந்தம்தான்."

சுண்டுவிரல் கருவியை மாட்டினார். கனகா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுலயும்" என்றார்.

சிவராம் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். அதை வலம் இடமாக மாற்றிக் கனகாவிடம் நீட்டினார். "இப்பக் கேளுங்க."

கனகா கேட்டார். ஹெட்போனின் எந்தப் பக்கம் இடது காதில் இருந்ததோ அந்தப் பக்கம்தான் மந்தமாக இருந்தது.

கடையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சிவராம் மேசைமேல் இருந்த ஒயர்களைத் தேவையில்லாமல் சுருட்டினார். பிறகு மெதுவாக, "மூணு பெட்டியும் ஒரே பக்கம் கெட்டுப் போகாதும்மா" என்றார்.

கனகா நாற்காலியில் உட்கார்ந்தார். பீமாராவ் எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டபோது தனக்குக் கேட்காமல் போனது என்று மனம் தானாகவே எண்ணிப் பார்த்தது. எழுதி அனுப்பிய பக்கங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை ஆயிரம் பக்கங்கள்!

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்கண்ணே."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துச் சார்ஜரைச் செருகினார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தனியாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார். தீப்பெட்டிக் கருவியில் மாட்டி, வலது காதால் மட்டும் கேட்டார். மின்விசிறி அப்படியே கரகரத்தது. ஆனால் அந்த 'ம்ம்ம்' இரைச்சல் இல்லை. சின்னக்கருப்பன் மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு, 'நான் போடலய்யா.' 'ல' அங்கே இருந்தது. மறுபடி போட்டார். இருந்தது.

தன் காதை இனி நம்பலாமா? அவர் சிவராமிடம் ஹெட்போனை நீட்டினார். "என்ன கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சிவராம் கண்ணை மூடிக் கேட்டார். "'நான் போடலய்யா'ங்குறாரு. யாரும்மா இது, இம்புட்டுப் பயந்து போயிப் பேசுறாரு?"

கனகா தீப்பெட்டிக் கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் சிவராம், "காத ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருங்கம்மா" என்றார். அவர் கனகாவின் வலப்பக்கம் நின்றதால், தெருச் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது.

புதன்கிழமை பீமாராவ் விடுப்பு எடுத்துக்கொண்டு காது மருத்துவரிடம் கூட்டிப்போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்தபோது ஒரு தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. வலது காதின் கோடு ஓரளவு சமமாகப் போனது. இடது காதின் கோடு பாதிவழியில் சரிந்து கீழே விழுந்தது. போனது திரும்பாது, ஒரு காது மந்தமானால் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவது கடினம், இரண்டு மூன்று வருடமாகவே குறைந்துகொண்டு வந்திருக்கலாம், அதிக ஒலியில் கேட்பதை உடனே நிறுத்த வேண்டும் என்றார் மருத்துவர்.

வெளியே மரத்தடியில் நின்று பீமாராவ், "நான் கூப்ட்டுட்டுச் சண்ட வேற போட்டேன்" என்றார்.

"அத விடுங்க. வெள்ளிக்கிழமை என்ன எழுதுறதுன்னு சொல்லுங்க."

"போடலன்னு எழுது. வேற என்னத்த எழுத?"

"அது சரி. ஏன் தப்பா எழுதுனேன்னு கேப்பாகல்ல?"

வியாழக்கிழமை ஸ்யாமளாவிடம் உள்ளதைச் சொன்னார். பரிசோதனைத் தாளையும் காட்டினார். ஸ்யாமளா அதை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"திருத்தம் குடுத்துடலாம் கனகா. அதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா காதுன்னு எழுத வேண்டாம். கருவிக் கோளாறுன்னு எழுதுங்கோ. இரைச்சல் இருந்ததுதானே, அது பொய்யில்லையே."

"பாதிதான் மேடம் உண்மை."

"காதுன்னு எழுதினா, மூணு வருஷமா நீங்க எழுதின அத்தனையையும் சந்தேகப்படுவா. ஒரு வாடிக்கையாளர் நிக்க மாட்டா. இங்க இன்னும் நாலு பேர் வேலை பாக்கறா, அவாளையும் நினைச்சுப் பாருங்கோ."

கனகா நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இரண்டு கடிதங்கள் எழுதினார். கருவிக் கோளாறு என்று ஒன்று, காது என்று ஒன்று. முதல் கடிதம் நன்றாகவே இருந்தது. யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. ஆனால் ஆலைத் தரப்பு வக்கீல் அந்த மடிக்கணினியைக் கொண்டுவரச் சொல்லி, இந்த இரைச்சலால் தப்பாக எழுத வழியே இல்லை, திருத்தம்தான் பொய் என்று சொன்னால்? சின்னக்கருப்பனுக்குக் கிடைத்த ஒரே பிடியும் வழுக்கிவிடும். அதோடு, சந்தேகப்பட வேண்டியதைச் சந்தேகப்படத்தானே வேண்டும்? வெள்ளிக்கிழமை இரண்டாவது கடிதத்தைப் பரிசோதனைத் தாளோடு சேர்த்து விசாரணை அதிகாரிக்கு நேரில் கொடுத்தார். பிரதி ஒன்றை ஸ்யாமளாவின் மேசையில் வைத்தார். ஸ்யாமளா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பதிவை வேறு இருவரைக் கேட்க வைத்தார்கள். இருவரும் 'போடலய்யா' என்றே எழுதினார்கள். மே மாதம் சின்னக்கருப்பனை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் இயந்திரப் பக்கம் விடவில்லை. பஞ்சுப் பொதி இறக்கும் கிடங்கில் போட்டார்கள். சுவிட்சை யார் போட்டது என்பது கடைசிவரை தெரியவில்லை. மலையம்மாள் ஒருநாள் போன் செய்தார்.

"எடுத்துட்டாக தாயி. ஆனா டீ குடிக்கப் போனா பக்கத்துல ஒருத்தரும் ஒக்கார மாட்டேங்குறாகளாம். ஒரு தடவ எழுத்துல வந்துருச்சுல்ல."

"என்னாலதாம்மா" என்றார் கனகா.

"ஆமா" என்றார் மலையம்மாள். "வந்து ஒத்துக்கிட்டியே, அதுவும் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஸ்யாமளா அதன் பிறகு கனகாவுக்குப் புதிய வேலை எதுவும் அனுப்பவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் விலகியதாகக் கேள்வி. ஆனால் ஜூன் மாதம், தான் எழுதியவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று கனகா அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலாக, ஒரு வரிகூட எழுதாமல் மூன்று வருடத்துப் பழைய பதிவுகளை மட்டும் அனுப்பி வைத்தார். அதுவும் கைவசம் இருந்தவை மட்டும்தான். விசாரணை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையில் வந்தவை எல்லாம் போய்விட்டிருந்தன.

இப்போது கனகா பகலில் பக்கத்துப் பள்ளியின் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் தட்டச்சு செய்கிறார். மாலையில் வந்து, தீப்பெட்டிக் கருவியை மாட்டி, ஒலியைக் குறைத்து வைத்து, வலது காதால் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். சந்தேகம் வந்த இடத்தைப் பீமாராவும் கேட்டுச் சொல்கிறார். இதுவரை நாற்பத்தாறு பதிவுகள் முடிந்திருக்கின்றன. ஏழு தவறுகள். ஆறு சின்னவை, யாரையும் பாதிக்காதவை. ஏழாவது, ஒரு பெண் தன் மேலதிகாரி மீது கொடுத்த புகார். அவர் சொன்ன தேதியைக் கனகா மாற்றி எழுதியிருந்தார். அந்தப் பெண் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் விலாசம் கிடைக்கவில்லை.