உங்கள் பக்கம்தான் என்று சொன்னேன்

என் அக்காள் ரீட்டாவுக்கு இன்னொரு குழந்தை பிறக்காமல் போனதற்கு நான்தான் காரணம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அது எனக்குத் தெரியாத ஒன்று. தெரிந்ததுபோல் சொன்னேன்.

கோயிலில் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. என் கணவரிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர், என் அக்காளையும் அறியாதவர். இந்தத் துணிவு அதனால் வந்ததுதான்...

என் படிப்பைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நான் செய்ததன் அளவு அதில்தான் தெரியும்.

நான் தூத்துக்குடியில் மீன்களின் டி.என்.ஏ.வை ஆராய்கிறவள். அந்த இழையில் சில துண்டுகள் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. சில தம்மைப் படியெடுத்துக்கொண்டு வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். சில தாமே பெயர்ந்து போய்விடும். நகரும் டி.என்.ஏ. என்போம். மீன்களில் இவற்றின் வகைகள் ஏராளம். வலையில் சிக்கினால் வயிறு ஊதிக்கொள்ளும் பேத்தை மீனுக்கு டி.என்.ஏ. மிகச் சிறியது, இத்துண்டுகளும் அதில் கொஞ்சம்தான். வேறு சில மீன்களிலோ இழையின் பெரும்பங்கை இவையே நிரப்பிக் கிடக்கும்.

பெரும்பாலும் இவற்றால் ஒன்றும் நேராது. சில வேளை ஒரு மரபணுவின் அருகில் போய் அமர்ந்து, அது எப்போது விழிக்க வேண்டும் என்பதையே மாற்றிவிடும். ஒரு மீனினத்தில், குஞ்சு ஆணாக வேண்டுமா பெண்ணாக வேண்டுமா என்ற தீர்மானத்துக்குள்ளேயே இப்படி ஒரு துண்டு நுழைந்திருக்கிறது. மீன்கள் காலங்காலமாக இத்தனை விதமாகப் பிரிந்து வந்ததில் இவற்றுக்கும் பங்குண்டு.

ஆனால் சில வேளை, துண்டு ஒரு மரபணுவின் நடுவிலேயே விழுந்து அதை உடைத்துவிடும். அப்போது தாயிடமும் இல்லாத, தகப்பனிடமும் இல்லாத குறை பிள்ளையிடம் புதிதாகத் தோன்றும். மனிதரிடமும் இது நடக்கும், அரிதாக. யார்மீதும் குற்றமில்லை.

இதைத்தான் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன், ஜெனி பிறந்தபோது.

ஜெனி என் அக்காளின் குழந்தை. அக்காளைத் தருவைகுளத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. சேவியர் அத்தான் சங்கு குளிக்கப் போகிறவர். குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. பால் விழுங்கத் தெரியவில்லை. அக்காள் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டுவாள். அத்தான் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கைகழுவிவிட்டு, குழந்தையின் வயிற்றில் வாய் வைத்து ஊதுவார். மூச்சடக்கிப் பழகியவரல்லவா, அந்த ஊதல் நீண்டுகொண்டே போகும். அதற்கு மட்டும் அவள் சிரிப்பாள். வேறு எதற்கும் சிரித்ததில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் மூவருடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். மரபணுவில் ஏதோ கோளாறு, எங்கே என்று இப்போது சொல்ல முடியவில்லை என்றார்கள். நடக்கும் வயது வருமுன் ஜெனி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு அத்தானின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா மெர்சி, நீ இதைத்தான படிக்கே? உள்ளதைச் சொல்லு. இந்தக் கொறை எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு? உங்க பக்கமா, எங்க பக்கமா?"

தெரியாது என்பதுதான் பதில். எந்தப் பக்கமாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கடைசிப் பதிலை அந்த வீட்டில் அறிந்தவள் நான் ஒருத்திதான். ஏன் அதைச் சொல்லவில்லை?

சொல்கிறேன். அப்போது எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் பெரியம்மா அடக்கத்துக்கு வந்திருந்தார். இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்து, கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ரத்தத்தில் குறை என்று ஒரு சந்தேகம் விழுந்தால் என் கல்யாணம் என்னாகும்?

சேவியர் அத்தானுக்கு ஒரு தம்பி சிறுவயதில் வலிப்பு வந்து இறந்திருந்தான். அது என் நினைவுக்கு வந்தது. இல்லை... நான் தேடி எடுத்தேன்.

"உங்க பக்கம்தான் மாமி. அந்தத் தம்பிக்கு இருந்ததுதான் இப்படி வந்திருக்கும்."

நிமிர்ந்தபோது கதவருகில் அத்தான் நின்றிருந்தார். கையில் எனக்காகக் கொண்டுவந்த காப்பி. கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்தது. பிறகு ஒருநாள் அக்காள் போனில் அழுதாள்.

"ஏளா, இவுக போய் இனி பிள்ளை பெறக்காம இருக்க ஆப்பரேசன் பண்ணிட்டு வந்து நிக்காவ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என் ரத்தத்துல இன்னொரு பிள்ளை அப்படிக் கெடந்து சாவ வேண்டாங்காவ."

நான் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன்.

என் இரு பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தவள் ரீட்டா அக்காள்தான். நான் ஆய்வகத்துக்குப் போக, அவள் தருவைகுளத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். என் மகளுக்குத் தலை நின்ற நாளில் அவள் குழந்தையை மடியில் வைத்து, நிமிர்ந்து நின்ற அந்தத் தலையைப் பின்னாலிருந்து உள்ளங்கையால் தாங்கியபடியே இருந்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்காதீர்கள், செய்ய வேண்டியது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆண்டுகள் போயின. கொடுவா மீன்குஞ்சு பொரிப்பகம் ஒன்றிலிருந்து எங்களிடம் ஒரு குடும்பம் வந்தது: தாய், தந்தை, அவற்றின் குஞ்சுகள். நகரும் துண்டுகள் ஒரு தலைமுறையில் எவ்வளவு இடம் மாறுகின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. முதுகு வளைந்த ஒரு குஞ்சில் ஒரு துண்டு மரபணுவின் நடுவே செருகியிருந்தது. தாயில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. தந்தையிலும் சுத்தம். கூட வேலை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மதுரையில் அதே மருத்துவமனையில் என் வகுப்புத் தோழி ஒருத்தி வேலை பார்த்தாள். ஜெனியின் மாதிரியும் பெற்றோரின் மாதிரியும் இன்னும் உறைபெட்டியில் இருந்தன. இப்போதைய முறையில் மறுபடி பார்க்கச் சொன்னேன். அக்காளிடமும் அத்தானிடமும் கேட்காமலே சொன்னேன்... அதுவும் என் கணக்கில் சேரட்டும். தோழி போனில் சொன்னாள்:

"ரெண்டு பேர்ட்டயும் இல்ல மெர்சி. பிள்ளைகிட்ட மட்டும் புதுசா ஒரு துண்டு நுழைஞ்சிருக்கு. இன்னொரு பிள்ளை பெத்திருந்தா அனேகமா நல்லாவே இருந்திருக்கும்."

நான் தருவைகுளம் போனேன். அத்தான் கரையில் தன் படகான வத்தைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தூரிகையை நிறுத்தவில்லை.

"அப்போ என் ரத்தம் இல்ல."

"இல்ல அத்தான்."

"அன்னைக்கு நீ சொன்னியே..."

"தெரியாமத்தான் சொன்னேன். தெரியாதுன்னு தெரிஞ்சே சொன்னேன். என் கல்யாணம் நின்னுரும்னு பயந்து."

தூரிகை நின்றது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் தூரிகையை வண்ண டப்பாவின் விளிம்பில் வழித்தார்.

"ரீட்டாட்ட சொல்லிராத" என்றார் கடைசியில். "வேற வழி இல்லாமத்தான் பிள்ளை இல்லன்னு நினைச்சு அவ மனசைத் தேத்திட்டா. சும்மாவே இல்லாமப் போச்சுன்னு தெரிஞ்சா, இனிமே அவளால தாங்க முடியாது."

"நான் சொல்லிருதேன் அத்தான். என்னால இதை வச்சிக்கிட்டு..."

"அது உன் பாடு. உனக்குப் பாரம் எறங்கணும்னு அவ மேல ஏத்தாத."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. மீதிப் பலகைக்கு வண்ணம் அடிக்கத் தொடங்கினார். நான் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன்.

அவர் சொன்னது சரியா? என் அக்காளின் வாழ்க்கையைப் பற்றிய உண்மை எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, இது நியாயமா? தெரியவில்லை. தெரியவில்லை என்ற சொல் இப்போது எனக்கு எளிதாக வருகிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து அக்காள் என் வீட்டுக்கு வந்தாள். ஐம்பதை நெருங்கிவிட்டாள், முன்நெற்றி முடி நரைத்துவிட்டது. என் மகள் கல்லூரிக்குக் கிளம்பும் பேச்சு வந்தது. மீன் கழுவிக்கொண்டே அக்காள் சொன்னாள்:

"ஜெனி இருந்தா இவளுக்கு அக்காவா இருப்பா, என்ன? ஒரு விதத்துல நல்லதுதாம்ளா. அவுக ஆப்பரேசன் பண்ணிக்கிட்டதுக்கு எவ்வளவு ஏசினேன்... இன்னொண்ணு பெத்து, அதையும் அப்படிப் பாத்திருந்தா நான் செத்தே போயிருப்பேன். இல்லையா?"

பதிலுக்காக அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.