அத்தையின் பின்னால் வந்தவர்கள்

போன வாரம் அலுவலகக் கூட்டத்தின் நடுவில் கைபேசி மினுங்கியது. அத்தை என்னை ஃபாலோ செய்யத் தொடங்கியிருக்கிறாள் என்றது. அத்தை இப்போது தெள்ளாரில் இருக்கிறாள். அவள் மகள்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருப்பாள். முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. அத்தை ஃபாலோ செய்வது என் ஒருத்தியை மட்டும்தான்.

என் வேலையில் அந்த வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. பதில் வராத மின்னஞ்சல்களுக்கு ஃபாலோ-அப் அனுப்புகிறேன், எனக்கும் அனுப்புகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எதையாவது விளக்கிவிட்டு, “ஃபாலோ பண்ண முடியுதா?” என்று கேட்கிறேன். முடிகிறது என்கிறார்கள். முடியவில்லை என்பது முகத்தில் தெரியும். மருத்துவமனைச் சீட்டில், பயிற்சிக் கையேட்டில், கிரிக்கெட் வர்ணனையில் என்று எங்கே பார்த்தாலும் அது இருக்கிறது. எந்த இடத்தில் பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆரணியில் ஒரு சாயங்காலத் தெருவும், மெதுவாக உருளும் ஒரு சைக்கிளும்தான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்தச் சொல்லுக்கு எனக்கு இரண்டு அர்த்தங்கள் தெரியும். ஒன்று, பள்ளியில் டீச்சர் முன்னால் நடக்க நாங்கள் வரிசையாகப் போவது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்லிக்கொடுத்தது. ஆண்டவர் முன்னால் போவார், நாம் பின்னால் போக வேண்டும். இரண்டிலும் முன்னால் போகிறவர் பெரியவர், பின்னால் போகிறவர் சின்னவர். மூன்றாவது அர்த்தத்தை ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அத்தைதான் வீட்டுக்குள் கொண்டுவந்தாள்.

“அண்ணி, ஒருத்தன் என்ன பாலோ பண்ணிகினு வரான்.”

குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவளை வளர்த்ததெல்லாம் அப்பாதான். முன்னறையில் எங்கள் தறி இருந்தது. அதில் நெய்துதான் அப்பா அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார். அதன்பிறகு அவள் மார்க்கெட் பக்கம் ஒரு டிசைன் சென்டரில் வேலை கற்றுக்கொள்ளப் போனாள். புடவை பார்டருக்கான உருவங்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைவார்கள். அதன்படி அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டைகளைத் தறியின் மேலே ஏற்றினால், கீழே நெய்கிற புடவையில் அந்த உருவம் வந்துவிடும். சொந்தமாக ஒரு பார்டர் வரைந்து முடித்துக் காட்டினால் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாக முதலாளி அத்தையிடம் சொல்லியிருந்தார்.

யானை, மயில், அன்னம் எல்லாவற்றையும் எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்று அத்தை ஒரு கோழியையும் குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டாள். கோழிக்குப் பின்னால் ஒரு குஞ்சு, அதற்குப் பின்னால் இன்னொன்று. பார்டர் என்பதால் கடைசிக் குஞ்சுக்குப் பின்னால் மறுபடியும் கோழி வரும்.

“அப்போ யாரு முதல்ல அத்த?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் கெடையாது பாப்பா. சுத்திகினே இருக்கும்.”

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாளிலிருந்து நானும் அவளுடன் போனதுதான். பெரிய பெண்ணுக்குச் சின்னப் பிள்ளையைத் துணைக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டு வயதுப் பிள்ளை எந்த ஆபத்தைத் தடுக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. பள்ளி விட்டு வந்ததும் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு நான் காவலுக்குக் கிளம்பிவிடுவேன்.

அந்த ஆளை முதல் நாளே பார்த்தேன். பெரிய ஏமாற்றமாக இருந்தது. மீசை சரியாக முளைக்காத ஒருவன், சிவப்பு பைக்கில் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு, நடக்கிறவர்களைவிட மெதுவாக வந்தான். பேசவில்லை, பாடவில்லை. நாங்கள் நின்றால் நின்றான்.

“பயமா இருக்குதாத்த?”

“பயமா? பேஜாரா இருக்குது. முதுகுல யாரோ கைய வச்சிகினே வராப்புல.”

பிறகு அத்தை ஒரு தந்திரம் செய்தாள். போண்டா கடைக்குள் சட்டென்று என்னை இழுத்துக்கொண்டு போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பைக் வெளியே தடுமாறியது. பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் அவன் எங்களைத் தாண்டி முன்னால் போனான். உடனே அத்தை எழுந்தாள்.

“வா பாப்பா, ஜல்தி. இப்ப நாம அவன பாலோ பண்லாம்.”

இருவரும் அவன் பின்னாலேயே நடந்தோம். அவன் திரும்பிப் பார்த்தான். அத்தை கையிலிருந்த போண்டாவைக் கடித்துக்கொண்டே அவனையே பார்த்தபடி வந்தாள். அவன் மறுபடி திரும்பினான், மறுபடி நாங்கள். கழுத்து சிவந்து, ஏதோ ஒரு சந்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அத்தை தெருவென்றும் பாராமல் சிரித்தாள். அதற்குப் பிறகும் சில நாட்கள் வந்தான். அத்தை ஒவ்வொரு முறையும் அவனை முன்னால் விட்டாள். பிறகு அவன் வருவது நின்றுவிட்டது. அத்தை தானாகவே, யாரிடமும் கைநீட்டாமல், அந்த விஷயத்தை முடித்துவிட்டிருந்தாள்.

ஆனால் வீட்டில் வேறொன்று தொடங்கியிருந்தது. நாங்கள் கிளம்பித் தெருமுனையை அடைவதற்குள் எங்கள் தறியின் சத்தம் நின்றுவிடும். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. அத்தை கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் அவள் நடை மாறும்.

ஒருநாள் மார்க்கெட் ரோட்டில் அவள் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். கையைத் தூக்கி ஆட்டினேன். அப்பா ஒரு பாத்திரக் கடையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தை என்னைப் போண்டா கடைக்குள் அழைத்துப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா எங்களைத் தாண்டி முன்னால் போவார் என்று காத்திருந்தோம். அவர் போகவில்லை. எதிர்ப்பக்கத்தில் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டு நின்றார். போண்டா ஆறிப்போனது. அத்தை அதைத் தொடவில்லை. கடைசியில் எழுந்து, ரோட்டைக் கடந்து அவரிடம் போனாள்.

“இன்னாண்ணா இது?”

“சும்மாதான். நூல் வாங்க வந்தேன்.”

“நூல் கடை அந்தாண்ட இருக்குது.”

அப்பா சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிச் சரிசெய்தார்.

“அவன் இப்ப வரதில்லண்ணா. வேணும்னா பாப்பாவ கேளு.”

“வரலன்னா நல்லது. நான் வந்தா உனக்கு இன்னா கஷ்டம்? யாரோவா நானு?”

“அப்ப நீ முன்னாடி போ. நாங்க உன் பின்னாடியே வரோம்.”

அப்பா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியும்.

“நான் முன்னாடி போனா உன்ன எப்டிமா பாக்கறது?”

நாங்கள் நடந்தோம். முன்னால் அத்தை, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நான், பின்னால் சைக்கிள் சக்கரத்தின் கிரிச் கிரிச். ஊர்வலம் போல இருந்தது எனக்கு. சென்டர் வாசலில் நின்றிருந்த பையன்கள், “வந்துட்டாருடா செக்யூரிட்டி” என்றார்கள். அத்தை அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், ஆனால் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை. கோழிக்குக் கால் இருந்தது. கடைசிக் குஞ்சுக்கு இன்னும் கால் வரவில்லை.

அப்பா மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒருநாள் நான் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தபோது, அத்தை தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“லீவாத்த?”

“ம்.”

யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. அப்பா இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்: “நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா? அவளேதான் நின்னா.” அது உண்மை. அடுத்த கோடையில் தெள்ளாரில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். அப்பா கடன்படாமல், நிறைவாகச் செய்தார். சர்ச்சிலிருந்து வெளியே வந்தபோது அவர்தான் அதிகமாக அழுதார்.

ஆனால் அத்தை சென்டருக்குப் போகாத அந்த முதல் நாளில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தறி நிற்காமல் சாயங்காலம் முழுவதும் ஓடியது. வீடு பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அத்தை இனி முழு நேரமும் எனக்குத்தான் என்பதில் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. போண்டா மட்டும்தான் குறை. அத்தை எழுந்து பின்கட்டுக்குப் போனபோது, அந்தப் பழைய விளையாட்டை விளையாடலாம் என்று, பைக் சத்தத்தை வாயால் எழுப்பிக்கொண்டு அவள் பின்னாலேயே மெதுவாகப் போனேன்.

அத்தை நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழிவிட்டாள்.

“நீ முன்னாடி போ பாப்பா” என்றாள்.

அவள் இப்போது என் பின்னால் வரப்போகிறாள் என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு, பின்வாசலைத் தாண்டி, துணி காயும் கொடியைத் தாண்டி வேகமாக ஓடினேன். மதில் வரை போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். அத்தை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

விளையாட்டை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.