மூன்றாவது வயர்

அப்பாவின் வலது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். வயலால் வந்து கதிரையில் சாய்ந்தாரென்றால், இல்லாத விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருப்பார்.

"இப்ப பொத்திப் பிடிச்சிருக்கிறன்."

"பிடிச்ச கையாலை ரெண்டு வாளி தண்ணி அள்ளித் தாங்கோவன்" என்பார் அம்மா.

கம்பஸ் முதல் வருட விடுமுறைக்கு வட்டக்கச்சி வீட்டுக்கு வந்தபோது, அந்த விரல்களுக்கு ஒரு செயற்கைக் கை செய்துவிடலாம் என்று எனக்குப் பட்டது. தசை இறுகும்போது தோலில் எழும் சின்னஞ்சிறு வோல்ற்றளவைப் பிடித்தால் போதும், மோட்டர் விரலை மடக்கும். இரண்டு திரான்சிஸ்டர்களைச் சோடியாக வைத்து ஒரு பெருக்கி செய்தேன். தோலில் இரண்டு இடங்களில் வயர் ஒட்டினால், அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் அது பெருக்கும். இரண்டுக்கும் பொதுவானதைத் தள்ளிவிடும். மூன்றாவது வயரை முழங்கை எலும்பின் மேல் ஒட்ட வேண்டும். என் கையில் மூன்றையும் ஒட்டினேன். திரையில் கோடு துள்ளியது.

அப்பாவின் முழங்கையில், தோலுக்கடியில், கையைக் கொண்டுபோன செல் வெடித்துத் தெறித்த இரும்புச் சன்னம் ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த இடத்தை வீட்டில் யாரும் தொடுவதில்லை. வித்தியாசத்துக்கு இரண்டு வயர் போதும்தானே, மூன்றாவது இரைச்சல் குறைக்கத்தானே என்று அதை ஒட்டாமலே விட்டுவிட்டேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். திரையில் வெறும் நேர்கோடு.

"தசை செத்துப்போச்சுப் போல அப்பா. சிக்னல் ஒண்டும் இல்லை."

"ஓம் பிள்ளை. இருக்கும்."

பொதுவானதைத் தள்ளவும் ஓர் எல்லை உண்டென்று அடுத்த வருடம்தான் படித்தேன். இரண்டு உள்ளீடுகளும் சேர்ந்து அந்த எல்லைக்கு மேலே போனாலும் கீழே போனாலும் திரான்சிஸ்டர்கள் வேலை செய்யாது. வித்தியாசம் இருந்தாலும் வெளியே வராது. உடம்பை எல்லைக்குள் வைத்திருப்பதே அந்த மூன்றாவது வயர்தான். விரிவுரை முடிய முன்னமே எழும்பிப் போய் ஊருக்கு பஸ் ஏறினேன்.

"பிழை என்ரை சேர்க்கிட்டிலை அப்பா, உங்கடை கையிலை இல்லை. சன்னத்துக்கு மேலை ஒட்டப்போறன். நோகுமோ?"

"உதிலை நோவில்லைப் பிள்ளை. அண்டைக்கே கேட்டிருக்கலாமே."

ஒட்டியதும் கோடு மெல்ல நடுங்கத் தொடங்கியது. அப்பா கண்ணை மூடினார். என் கையில் துள்ளியதுபோல் கோடு துள்ளவில்லை.

"மடக்குங்கோ அப்பா."

"எதை மடக்க? நீ இல்லையெண்டு சொன்ன பிறகு நான் விரலுகளைத் தேடேல்லை. இப்ப எங்கை கிடக்குதெண்டே தெரியேல்லை."

நான் வயரைக் கழற்றப் போனேன்.

"பொறு, தேடிப் பாக்கிறன்" என்று அப்பா மறுபடி கண்ணை மூடினார். நெற்றி வியர்த்தது. பற்றறி இறங்கும்வரை இருந்தோம்.