வேகத்தைப் பூட்ட மறுத்த நாள்

பிள்ளைகளா, கண்டி டவுனில் இருந்த கம்ப்யூட்டர் கடை வேலையை ஏன் விட்டீங்க என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "ஒத்து வரல" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுசாக எழுதுகிறேன். நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

மடவளையில் கல்யாண வீடியோ செய்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எங்களிடம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பொருத்தியது நான்தான். நாலாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"நாலு தசம் எட்டு எண்டு சொல்லித்தானே தந்தீங்க. வீடியோ வேல தொடங்கின ஒடனே நாலு தசம் ஒண்டு. மிச்சத்த யாரு தம்பி கொண்டு போறது?"

அது ப்ரொசசரின் துடிப்புக் கணக்கு. நாலு தசம் எட்டு என்றால் ஒரு விநாடிக்கு நானூற்று எண்பது கோடித் தடவை துடிக்கிறது என்று அர்த்தம்.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "செட்டிங்ஸில போய் வேகத்தைப் பூட்டிவிடும். நம்பர் அசையாம நிண்டா அந்தாள் சந்தோசமாப் போயிடும்."

எங்கள் கடையின் வழக்கம் அது. வேகம் குறைகிறது என்று யார் வந்தாலும், குறையவே முடியாதபடி பூட்டி அனுப்புவோம். நானும் பூட்டியிருக்கிறேன். அப்படிப் பூட்டிய ஒன்று பாதி வேலையில் திரை நீலமாகி நின்றுபோனது. வந்து கேட்டவரிடம் "வீட்டு கரண்ட் சரியில்ல" என்று சொன்னேன். பொய். அந்தப் பொய் உறுத்தித்தான், ஏன் குறைகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். எல்லாம் இங்கிலீஷில். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்.

படித்தது இதுதான். சாதாரணக் கட்டளை ஒரு தடவைக்கு ஒரு எண்ணைத்தான் கூட்டும். வெக்டர் கட்டளை என்று ஒன்று உண்டு. எட்டு, பதினாறு எண்களை வரிசையாக நிறுத்தி ஒரே அடியில் கூட்டிவிடும். வீடியோவில் இருப்பதெல்லாம் கோடிக்கணக்கான நிறப்புள்ளிகள். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. அதனால் வீடியோவுக்கு இந்தக் கட்டளைதான் தோது. ஆனால் பதினாறு பேர் வேலை செய்தால் பதினாறு பேருக்கும் சோறு வேண்டும். சும்மா கிடந்த பகுதிகள் எல்லாம் சேர்ந்து எழும்பி மின்சாரத்தை இழுக்கும். அப்படி இழுத்தால் உள்ளே வோல்டேஜ் இறங்கும். இறங்கிய வோல்டேஜில் பழைய வேகத்தில் ஓடினால் கணக்குப் பிழையாகிவிடும். வோல்டேஜைக் கூட்டினால் சூடு தாங்காது. ஆகவே ப்ரொசசர் தானாகவே துடிப்பைக் குறைக்கிறது. ஆள் நிறைந்த ஹந்தானை பஸ் மேட்டில் இரண்டாம் கியருக்குப் போகும்போது, பஸ் பழுது என்று யாரும் இறங்கிப் போவதில்லையே.

"பூட்ட மாட்டேன் சார்" என்றேன்.

"என்ன?"

"பூட்டினா யாரோட நிக்காஹ் வீடியோவோ பாதியில நின்னுரும். அவரு பேரு கெட்டுப்போகும்."

"அப்ப நீர் பூசின பேஸ்ட்தான் பிழை. அதையாவது போய்ச் சொல்லும்."

ப்ரொசசரின் சூடு வெளியேறுவதற்குப் பூசுகிற பசையைத்தான் சொன்னார். அவர் கொண்டுவந்ததுமே ஓட்டிப் பார்த்திருந்தேன்; சூடு அறுபத்தெட்டு டிகிரிதான் காட்டியது, அது பயப்படுகிற அளவில்லை. என் பசையில் ஒரு குறையும் இல்லை. செய்யாத பிழையை நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? நேரே முன்பக்கம் போனேன்.

"நானா, பத்து நிமிசம் குடுங்க."

ஒரு நிமிட வீடியோத் துண்டை எடுத்து, அதை முடித்த வீடியோவாக மாற்றுகிற வேலையைக் கொடுத்தேன். முதலில் அப்படியே ஓடவிட்டேன். நம்பர் நாலு தசம் ஒன்றுக்கு இறங்கியது. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு மென்பொருளில் வெக்டர் கட்டளைகளை நிறுத்திவிட்டு அதே துண்டைப் போட்டேன். நம்பர் நாலு தசம் எட்டில் ஆடாமல் நின்றது.

"இதத்தானே தம்பி நான் கேட்டது" என்று சிரித்தார்.

மூன்று நிமிடம் ஆனது. நாலு ஆனது. நானா போனை எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் முடியல்லயா?"

"நம்பர் நாலு தசம் எட்டுலதானே நிக்குது நானா. சந்தோசமா இருங்க."

ஏழாவது நிமிடத்தில்தான் முடிந்தது. "வாய் கொஞ்சம் கூடத்தான் ஒங்களுக்கு" என்றார். "பழைய மாதிரியே வைங்க."

எல்லா நேரமும் இது லாபம் என்றும் நான் சொல்லவில்லை. வெக்டர் வேலை கொஞ்சமும் மற்ற வேலை நிறையவும் கலந்து வந்தால், அந்தக் கொஞ்சத்துக்காக எல்லாமே மெதுவாகிற ப்ரொசசர்களும் உண்டு. அதையும் அவருக்குச் சொல்லித்தான் அனுப்பினேன்.

அவர் போனதும் முதலாளி வந்தார். "இனிமேல் பூட்டச் சொன்னா பூட்டவேணும். இல்லையெண்டா நாளைக்கு வரத் தேவையில்லை."

வாடகை ஞாபகம் வந்தது. உங்களுக்கு வாங்க வேண்டிய பள்ளிக்கூடச் சப்பாத்துகளும் ஞாபகம் வந்தன. பயம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

"அப்ப வரல சார்."

ஸ்க்ரூடிரைவர்கள் என்னுடையவை. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அம்பிட்டிய பஸ் ஏறினேன். உங்கள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சரி, சாப்பிடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் முதலாளி போனில் கூப்பிட்டார். "ஐசே, வாரும். வேலை குவிஞ்சு கிடக்கு."

"பூட்டச் சொல்லுவீங்களா சார்?"

"அது வாற ஆளைப் பொறுத்தது."

"யாரு வந்தாலும் பூட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது மறுபடி இரண்டு தடவை அடித்தது. நான் எடுக்கவில்லை.