உள்ளங்கையில் எழுதுகிறவள்

யூஜினிக்கு நிலாணியைப் பிடிக்காது. இதை அவள் வாய் திறந்து யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே கோயிலில் பாதிப் பேருக்குத் தெரியும். நிலாணியின் பெயர் அடிபட்டால் போதும், யூஜினியின் வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். "ஓம் ஓம், அவ கெட்டிக்காரிதான்" என்பாள். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதற்குள்ளே இருக்கும் காரத்தில் ஒரு சட்டி மீன்குழம்பு வைக்கலாம்.

இத்தனைக்கும் நிலாணி அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. யூஜினியின் புருஷனோடு ஒரே மேசையில் வேலை செய்தாள், அவ்வளவுதான்.

யூஜினி குருநகர்க்காரி. தொண்ணூறுகளில் கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் அக்கா வீட்டுச் சோபாவில் படுத்து எழும்பி, பாண் பேக்கரி ஒன்றில் வேலை பார்த்தவள். அன்புராசாவைக் கட்டியதும் அந்தக் காலத்தில்தான். அன்புராசா பெரிய ட்ரக் ஓடினார். மொன்றியலுக்குப் போவார், வருவார். பக்கத்தால் ஒரு வாகனம் போனால் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். நல்ல மனுஷன். பகிடிக்காரர்.

பிறகு கண்ணில் அழுத்தம் என்றார்கள். முதலில் ஓரங்கள் மங்கின. துளி மருந்து, லேசர், ஒப்பரேஷன் என்று எல்லாம் பார்த்தும் கடைசியில் நடுவும் போய்விட்டது. ட்ரக் போனது, லைசென்ஸ் போனது, மனுஷன் வீட்டில் உட்கார்ந்த கதிரையோடு ஒட்டிப்போனார்.

யூஜினி பேக்கரி வேலையை விட்டாள். அவருக்குச் சோறு குழைத்துக் கொடுத்தாள், மீனில் முள் எடுத்தாள், சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டினாள், குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினாள். ஞாயிறு பூசைக்கு அவர் கையைப் பிடித்து நடு வழியால் கூட்டிக்கொண்டு போனாள். பூசை முடிந்ததும் பெண்கள் சுற்றிக்கொள்வார்கள். "யூஜினி அன்ரி மாதிரி ஒரு மனுசியை இந்தக் காலத்திலை காணேலாது" என்பார்கள். "என்ன செய்யிறது பிள்ளை, ஆண்டவர் தந்த சிலுவை" என்று இவள் தலையைக் குனிவாள். குனிந்த முகத்தில் எப்படிப்பட்ட சந்தோஷம் இருந்தது என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த சீவியத்தில்தான் அந்த வேலைத்தலம் வந்து விழுந்தது. கண் கிளினிக்கில் யாரோ சொல்லி அன்புராசா போய்ச் சேர்ந்த இடம் அது. வோர்டன் வீதிப் பக்கம், பழைய தளபாடக் கடை இருந்த கட்டடம். வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள். அரசாங்கம் தனக்கு வேண்டிய சாமான்களில் ஒரு பங்கை இப்படிப்பட்ட இடங்களில்தான் வாங்குவது என்று ஓர் ஏற்பாடு. குப்பை லொறி, நீச்சல் குளம், பார்க் என்று எங்கே போனாலும் சுவரில் தொங்குகிற முதலுதவிப் பெட்டி இருக்கிறதல்லவா, அதை இவர்கள் அடுக்கிக் கொடுத்தார்கள். தருமக் காசு இல்லை, முழுச் சம்பளம். சாமானில் பிழை வந்தால் ஓடரும் போய்விடும்.

அங்கே அன்புராசாவுக்கு ஜோடியாகப் போட்டது நிலாணியை. நாற்பது வயது இருக்கும், தனியாள். பிறந்ததில் இருந்தே காது கேளாது. சின்னதில் இங்கே வந்து இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தை உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள். பஞ்சுப் பொட்டலத்தில் காற்றுப் போகிறதா என்று அன்புராசா விரலால் அமத்திப் பார்ப்பார். திகதி கடந்ததா, நிறம் மாறியதா என்று நிலாணி பார்ப்பாள். பொட்டலத்தை ஒட்டுகிற மெஷின் 'டிக்' என்று சத்தம் போடாவிட்டால் அது சரியாக ஒட்டவில்லை; அதைக் கேட்பது அன்புராசாவின் வேலை.

வீட்டுக்கு வந்தால் வாயில் ஒரே பெயர். "நிலாணி சொன்னவ, நாளைக்கு ஸ்னோவாம்."

"வாய் பேசாதவ எப்பிடிச் சொன்னவ?" என்று யூஜினி சட்டென்று கேட்டாள்.

"சொல்லுவா" என்றார் அவர், சிரித்துக்கொண்டு.

எப்படிச் சொல்வாள் என்பதை யூஜினி நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு வைத்த விருந்தில்தான் கண்டாள். ஐயோ, அதை ஏன் காணப் போனாள்! வேலைத்தலத்துக்கு யூஜினி தன் கையால் ரிச் கேக் செய்து கொண்டுபோயிருந்தாள். மூன்று ஊர்க் கலியாணத்துக்குப் போன கேக் அது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு நிற்க, நிலாணி வந்து அன்புராசாவின் கையை எடுத்தாள். சும்மா, தன் வீட்டுச் சாமானை எடுக்கிற மாதிரி. விரித்தாள். உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் ஆங்கில எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதினாள். அன்புராசா வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னவாம்?" என்றாள் யூஜினி.

"கேக்கிலை சீனி எப்பன் கூடிப்போச்சாம்."

அன்று யூஜினிக்கு எரிந்த எரிவு அடங்கவே இல்லை. ஸ்டவ்வில்லில் வீடு வாங்கிக் குடியிருக்கிற மகள் ஸ்டெபனிக்கு ஃபோன் எடுத்தாள். "கையைப் பிடிச்சு எழுதிறாள் பிள்ளை, எல்லாருக்கும் முன்னாலை" என்றாள். ஸ்டெபனி சிரியோ சிரி என்று சிரித்தாள். "அம்மா, யூ ஆர் ஸோ ஜெலஸ்! அவங்கள் அப்பிடித்தான் கொம்யூனிகேட் பண்ணுவினம்."

"எனக்கென்ன பொறாமை? கேக்கைப் பற்றிச் சொன்னதுதான் பிழை" என்று யூஜினி ஃபோனை வைத்துவிட்டாள்.

கேக்கா காரணம்? கோயிலில் இப்போது பெண்கள் இவளைச் சுற்றுவதில்லை. ஆண்கள் அவரைச் சுற்றினார்கள். "அன்புராசா அண்ணை, உங்கடை பெட்டி எங்கடை ஸ்விம்மிங் பூலிலையும் தொங்குது" என்றார்கள். அவர் நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் யூஜினி கைப்பையோடு நின்றாள். அவருக்கு இனித் தான் தேவையில்லை என்று வந்துவிட்டால், காலையில் எதற்கு எழும்புவது? அந்தப் பயத்தைப் பயம் என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல், அத்தனையையும் நிலாணி தலையில் கொட்டினாள்.

அவளுக்கு மிஞ்சியிருந்தது கார் ஓட்டம் ஒன்றுதான். காலையில் ஏற்றிப் போவதும் பின்னேரம் ஏற்றி வருவதும். வழியெல்லாம் சண்டை. "சைலென்சர் தொங்கிச் சத்தம் போடுது, கராச்சிலை காட்டும்" என்பார் அவர். "பிறகு பாப்பம்" என்பாள் இவள்.

மாசி மாதம் அந்தச் செய்தி வந்தது. அரசாங்க ஆட்கள் வேலையைப் பார்க்க வருகிறார்கள். பிடித்துக்கொண்டால் பஸ்களுக்கும் பெட்டி எடுப்பார்கள். இன்னும் பலருக்கு வேலை கிடைக்கும். அவர்கள் பார்ப்பதற்கு வைத்த மேசை அன்புராசா, நிலாணி மேசை.

"நானும் நிலாணியும்தான் காட்டப்போறம்" என்று அவர் சாப்பாட்டு மேசையில் சொன்னார். நானும் நிலாணியும்! யூஜினி மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு முள்ளை வேண்டுமென்றே விட்டுவிடலாமோ என்றுகூட நினைத்தாள். விடவில்லை, அது வேறு கதை.

அந்த நாள் காலை யூஜினி கீழே கார்த் தரிப்பிடத்துக்குப் போனாள். காரைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் குளிரில் நின்றுவிட்டு மேலே வந்தாள்.

"கார் ஸ்ராட் ஆகுதில்லை. பற்றரி செத்துப்போச்சு" என்றாள். "ஃபோன் பண்ணிச் சுகமில்லை எண்டு சொல்லுவமே?"

அன்புராசா குளிர்க்கோட்டைப் போட்டபடி நின்றார். முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"பற்றரியோ?"

"ஓம், பற்றரிதான்."

அவர் கதவடியில் குந்தினார். தன் சப்பாத்தைத் தடவி எடுத்தார், போட்டார், கயிற்றைத் தானே கட்டினார். சுருக்குப் போட்டு, இழுத்து, நேர்த்தியாக. யூஜினி அந்தக் கயிற்றையே பார்த்தாள். இவ்வளவு வருஷமாகக் குனிந்து கட்டியது யார்?

"பரவாயில்லை, பஸ்ஸிலை போறன்."

"பஸ்ஸிலையோ? ஆரோடை?"

"என்னோடைதான்" என்றுவிட்டு வெள்ளைத்தடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

யூஜினி இரவுச் சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டைக் கொழுவினாள். கார்த் திறப்பை எடுத்தாள். செத்துப்போன பற்றரி முதல் திருப்பிலேயே உயிர்த்து எழும்பியது.

லோரன்ஸ் அவெனியுவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனாள். பஸ் நின்றால் இவளும் நின்றாள். பின்னால் வந்தவர்கள் கோர்ண் அடித்து, கையைக் காட்டித் திட்டினார்கள். "அடியுங்கோ, அடியுங்கோ" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவருடைய தொப்பி தெரிந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெடியனோடு கதைத்துச் சிரித்துக்கொண்டு போகிறார், விசரன், பைத்தியக்கார மனுஷன்!

வோர்டனில் இறங்கினார். சிக்னலில் காது கொடுத்து நின்று, ஆட்களோடு சேர்ந்து கடந்தார். நடைபாதையில் ஸ்னோ வழிக்கிற லொறி பெரிய கும்பமொன்றைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. தடி அதில் முட்டியது. அன்புராசா நின்றார்.

யூஜினி காரை ஓரம் கட்டினாள். கதவில் கை வைத்தாள். மாதாவே, விழுந்துவிடக் கூடாது என்று மன்றாடினாள். அதே மூச்சில், இப்படியே திகைத்து நின்று 'யூஜினி' என்று ஒருக்கால் கூப்பிடமாட்டாரோ என்றும் கிடந்து தவித்தாள். இரண்டும் உண்மை. எது கூடுதல் உண்மை என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

அவர் தடியால் இடம் பார்த்தார், வலம் பார்த்தார், விளிம்பைப் பிடித்துக் கும்பத்தைச் சுற்றிப் போனார். நாலடி போய்த் திரும்பி, வீதியைப் பார்த்து நின்றார்.

"யூஜினி!"

அவள் கதவுக் கண்ணாடியை இறக்கினாள்.

"உந்தச் சைலென்சரைக் கட்டும் கட்டும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்? பஸ்ஸுக்குள்ளையும் கேக்குது. இவ்வளவு தூரம் பின்னாலை வந்தனீர், உள்ளையும் வாரும்."

இரவுச் சட்டையை மூடக் குளிர்க்கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யூஜினி உள்ளே போய் ஒரு மூலையில் நின்றாள். அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் மேசையருகில் நின்றார்கள். வேலை தொடங்கியது. பொட்டலம் அவர் விரலில் இருந்து நிலாணி விரலுக்குப் போனது, பெட்டிக்குள் போனது. மெஷின் ஒரு தரம் சத்தம் போடவில்லை. அன்புராசா கையை உயர்த்தினார். நிலாணி அந்தப் பொட்டலத்தை எடுத்துப் புறம்பாகப் போட்டாள். பிறகு ஒரு பஞ்சுச் சுருளைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் உள்ளங்கையில் ஏதோ எழுதினாள். அவர் அந்தச் சுருள்களை ஒதுக்கிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். ஒரு தடங்கல் இல்லை.

யூஜினி பார்த்துக்கொண்டே நின்றாள். கை பிடித்தது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்றுதான் பெரிதாகத் தெரிந்தது. இத்தனை வருஷச் சீவியத்தில் அவரும் தானும் இப்படிச் சேர்ந்து ஒரு வேலை செய்யவில்லையே. தான் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். நிலாணிக்கு அவர் திருப்பிக் கொடுக்கிறார். யூஜினிக்கு அதுதான் பொறாமை. நல்ல, சுத்தமான பொறாமை.

வந்தவர்கள் கை குலுக்கினார்கள். பஸ்களின் ஓடரும் இங்கேதான் என்று முதலாளி சத்தமாகச் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். காது கேளாதவர்கள் கைகளை உயர்த்தி விரித்து ஆட்டினார்கள், அது அவர்களின் கைதட்டு. நிலாணி ஒரு கேக் துண்டோடு யூஜினியிடம் வந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். தான் செய்ததாம். யூஜினி கடித்துப் பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்தது. சீனியும் அளவாக இருந்தது. அது இன்னும் எரிச்சல்.

பின்னேரம் காரில் வரும்போது சைலென்சர் மட்டும் கதைத்தது.

"தனியாப் போக எப்ப பழகினீங்கள்?"

"போன வருசமே. மத்தியானத்திலை ஒருத்தர் வந்து பழக்கினவர்."

"சப்பாத்துக் கட்ட?"

"அதை எப்ப மறந்தனான், பழக?"

"பிறகேன் என்னைக் குனிய விட்டனீங்கள்? ஏன் சொல்லேல்லை?"

அன்புராசா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சொன்னால் காலமையிலை நீர் என்னத்துக்கு எழும்புவீர்?"

அவளுக்கு அடி விழுந்தது போல இருந்தது. அவள் நினைத்தது, அவள் சொல்லாதது, அவளே ஒத்துக்கொள்ளாதது. அதை இந்த மனுஷன் எவ்வளவு காலமாக வைத்திருந்தார்? தான் அவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்திருந்த நேரமெல்லாம் அவரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திருப்பித் தரவில்லை என்று காலையில்தானே எரிந்தாள்.

"அப்ப நாளையிலையிருந்து பஸ்தானே" என்றாள், குரல் உடையாமல்.

"பஸ்காரன் என்னோடை சண்டை பிடிக்கமாட்டான். எனக்குப் பொழுது போகாது. நீர் ஏத்திக்கொண்டு போம்" என்றார். "சைலென்சரைக் கட்டிப்போட்டு."

மார்க்கம் வீதிச் சந்தியில் சிவப்பு விழுந்தது. யூஜினி அவர் கையை இழுத்தெடுத்து விரித்தாள். நிலாணி எடுத்தது போலத்தான். அந்த உள்ளங்கையில் விரலால் எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்தில் அவர் புருவத்தைச் சுருக்கினார். இரண்டாவதில் முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழ்!" என்றார். "வி... ச... ர..."

"ஓம். உவ நிலாணிக்குத் தமிழிலை ஒரு எழுத்தும் தெரியாது" என்றாள் யூஜினி.

பச்சை விழுந்தது. பின்னால் கோர்ண் அடித்தார்கள். யூஜினி அவசரப்படவில்லை. கடைசி 'ன்'னை வளைத்து எழுதி, அதன் தலையில் புள்ளியை நகம் பதியக் குத்திவிட்டுத்தான் காரை எடுத்தாள்.